மாயம்மாள் வீட்டு மாடியில் ஆமைகள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், சென்னை வண்டி நிற்கிற இடத்தில், யாரும் கேட்டு வராத ரெக்ஸின் பை ஒன்று கிடந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். பை தானாக அசைகிறது என்று டீக்கடைக்காரர் போலீசுக்குச் சொன்னார். போலீஸ் திறந்து பார்த்துவிட்டு வனத்துறைக்குச் சொன்னது. அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் பை வனக்காவலர் ஆண்டனிராஜின் மொபெட்டில் ஏறி, மேட்டுப்பட்டியில் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்துசேர்ந்தது.

பைக்குள் பழைய காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் மூன்று நான்கு ஆமைக்குஞ்சுகள். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள், நடுவில் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பிரிந்து ஓடுகிற மாதிரி. காட்டு ஓரத்துச் சனங்கள் கட்டாமை என்பார்கள், ஆபீஸ் காகிதத்தில் நட்சத்திர ஆமை. கடத்திக்கொண்டு போனவன் போலீசைப் பார்த்துப் பயந்து பையைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தன. உயிரோடு இருந்தவை பன்னிரண்டு.

ஆண்டனிராஜின் மனைவி கிளாரா பால்வாடி டீச்சர். நாற்பது வயது. குரலை உயர்த்தாமலேயே முப்பது பிள்ளைகளை உட்காரவைத்துச் சாப்பிட வைக்கிறவள். ரேஞ்சர் முத்துக்கிருஷ்ணன் இந்த வேலையை ஆண்டனிராஜின் தலையில் கட்டியதற்கு அதுதான் காரணம். ஆபீஸ் கூரை ஒழுகியது, அங்கே பூனைகள் வேறு. கோர்ட் உத்தரவு இல்லாமல் காட்டில் விட முடியாது. சென்னை உயிரியல் பூங்காவில் கேட்டால், இம்புட்டுச் சின்னதாக இருந்தால் பயணம் தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். ‘உன் வீட்டம்மா புள்ளைகளுக்கு ஊட்டிவிடுறவங்கதான, அவங்களுக்கு இது ஒரு வேலையா’ என்று ரேஞ்சர் கேட்டிருக்கிறார். மேலதிகாரி எது சொன்னாலும் ‘சரி சார்’ என்று சொல்லிப் பழகியவர் ஆண்டனிராஜ். அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கிளாராவுக்கு ஆமைகளைப் பார்த்து அருவருப்போ பயமோ வரவில்லை. அவள் யோசித்தது வீட்டுக்காரம்மாவைப் பற்றி.

வீட்டின் முன்பகுதியில் மாயம்மாள் இருந்தாள். புருஷன் போய்ப் பல வருஷம். மகன் கோயம்புத்தூரில் மில் வேலை. பின்பகுதியில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கிளாரா குடும்பத்துக்கு. ஆமை வாசல்படி தாண்டினால் அந்தக் குடும்பம் நொடித்துப்போகும் என்பது ஊரில் பாதிப்பேர் நம்புகிற விஷயம். மாயம்மாள் மீதிப் பாதிப்பேருக்கும் சேர்த்து நம்புகிறவள். வெள்ளிக்கிழமை பல்லி சத்தம் போட்டால்கூட வெளியே கிளம்ப மாட்டாள். அவளிடம் சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாள். அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் குழாய்த்தண்ணீர் வாரம் ஒருதரம் வந்தாலே பெரிது. மாயம்மாள் வீட்டில் கிணறு இருந்தது. இப்படி ஒரு வீட்டை விட்டுவிட்டு இன்னொன்று தேட முடியாது.

“ஒரு வாரந்தான் கிளாரா. அதுக்குள்ள ஆர்டர் வாங்கிருவாங்க. அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம்” என்றார் ஆண்டனிராஜ்.

கிளாரா சம்மதித்தாள். அரிசி மூட்டையும் தையல் மெஷினும் இருந்த பின்னறையில், துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பில் மணல் கொட்டி, மேலே சாக்கு விரித்து, பன்னிரண்டையும் விட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். குளிருக்கு ஒரு நாற்பது வாட்ஸ் பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டாள்.

முதல் இரண்டு நாள் அவை எதையும் தொடவில்லை. பாலில் நனைத்த ரொட்டியை வைத்தாள், மோந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பால்வாடியில் மிஞ்சிய சத்துமாவைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் வைத்தாள். ஒன்று தலையை நீட்டியது. கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தின்றன. கிளாராவுக்கு மனசு குளிர்ந்துபோனது. சாப்பிட மறுத்த பிள்ளை முதல் வாய் வாங்கும்போது வருகிற அதே சந்தோஷம்.

அதன்பிறகு தினமும் சத்துமாவு உருண்டை. கூடவே தக்காளி, வெள்ளரிக்காய், கனிந்த வாழைப்பழம். எது தின்றது எது தின்னவில்லை என்று தெரியவேண்டும் என்பதற்காக, திருச்சி ஹாஸ்டலில் நர்சிங் படிக்கும் மகள் பிரிஸ்கில்லா விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு ஓட்டிலும் ஒவ்வொரு இடத்தில் பொட்டு வைத்தாள். பெயரும் தானாக வந்தது. தட்டு வைத்தவுடன் ஓடிவருவது முந்திரிக்கொட்டை. எல்லோர் பங்கையும் தின்றுவிட்டு மூலையில் படுப்பது குண்டன். எப்போதும் கண் கலங்கின மாதிரியே இருக்கும் ஒன்றுக்கு அழுமூஞ்சி. ஒரு வாரம் மூன்று வாரமாகி, மாசம் தாண்டியது. மாஜிஸ்டிரேட் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை என்று ரேஞ்சர் சொன்னார். ஆமைகள் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தன.

மாயம்மாளிடம் மறைப்பதுதான் பெரிய பாடு. அவள் உப்பு கேட்டு வருவாள், ரேஷன் கடையில் சீனி போடுகிறார்களா என்று விசாரிக்க வருவாள். ஒவ்வொரு தடவையும் கிளாரா பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கே வந்து பேசினாள். அந்த அறையில் என்னமோ கீறுகிற சத்தம் கேட்கிறதே என்று ஒருநாள் மாயம்மாள் கேட்டாள். எலி என்றாள் கிளாரா. மறுநாள் மாயம்மாள் எலிப்பொறி கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிவைத்துக்கொண்டபோது கிளாராவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு.

கார்த்திகை முடிகிற சமயம், குண்டனைத் தூக்கி அடியில் துடைத்தபோது விரல் உள்ளே அமுங்கியது. வெந்த உருளைக்கிழங்கின் தோலை அழுத்தின மாதிரி. அவசரமாக மற்றவற்றை எடுத்துப் பார்த்தாள். ஓடு ஒன்றிலும் கெட்டியாக இல்லை. முந்திரிக்கொட்டையின் ஓடு கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டு வந்திருந்தது. அழுமூஞ்சிக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. சத்துப் போதவில்லை என்று நினைத்து அவள் மாவில் கொஞ்சம் வேர்க்கடலையும் இடித்துச் சேர்த்தாள். மூன்று நாள் கழித்து, பால்வாடி முடிந்து வந்து பார்த்தபோது, குண்டன் கழுத்தை நீட்டியபடி செத்துக்கிடந்தது.

நன்றாகத் தின்றதுதான் முதலில் போனது. அதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆண்டனிராஜுக்கு வேறு கவலை. இவை வழக்குச் சொத்து. செத்தால் மேலே எழுத வேண்டும், டாக்டர் அறுத்துப் பார்த்துச் சான்று தர வேண்டும், ரேஞ்சர் என்ன சொல்வாரோ. அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே கிளாரா குண்டனை ஒரு துணியில் சுற்றினாள். மீதிப் பதினொன்றையும் வயர்கூடையில் வைத்து மேலே துண்டு போட்டு மூடினாள். பின்வாசல் வழியாக இறங்கி, டவுன் பஸ் ஏறி, அவரையும் கூட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் கிதர் முகம்மது ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கைகழுவிவிட்டு வந்து கூடையைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டை அழுத்தினார். தான் மாட்டு டாக்டர் என்றும், ஆமையைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பக்கம்தான் படித்தது என்றும் ஒளிக்காமல் சொன்னார். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, சென்னைப் பூங்காவில் வேலை செய்யும் தன்னோடு படித்த நண்பருக்குப் போன் போட்டார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை, ஆனால் கேள்வி இருந்தது.

“சத்துமாவு யாரும்மா கொடுத்தது?”

“நாந்தான் சார்.”

“நல்லா தின்னுச்சுகளா?”

“தட்டக் காலி பண்ணிருங்க சார்.”

“அதான் கேடு. பொட்டக்காட்டுல புல்லு, களை, கள்ளி, இதத் தின்னு மெதுவா வளர்ற சென்மம் இது. மாவும் கடலையும் போட்டா உடம்பு வேகமா வளந்துரும், ஓடு கூட வளராது. சுண்ணாம்புச்சத்து வேணும். அதவிட வெயில் வேணும். வெயில் படலன்னா என்ன கொடுத்தாலும் ஓட்டுல சேராது. வெயில்ல விடுறீங்களா இல்லயா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

கிளாரா பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த கோமாரி நோய் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இடமில்லை என்று சொன்னாள்.

செத்ததை அறுத்துப் பார்த்துச் சான்று எழுதித் தருகிறேன் என்று டாக்டர் வாங்கிவைத்துக்கொண்டார். அழுமூஞ்சியின் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று வெள்ளையாக ஓர் ஓடு கிடைக்கும், கணவாய் மீனின் ஓடு அது, அதைச் சுரண்டி இலைமேல் தூவச் சொன்னார். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை முங்காத அளவுக்கு, கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும். பால், ரொட்டி, மாவு, பருப்பு எதுவும் கூடாது. பழமும் வேண்டாம். நகப்பூச்சைப் பார்த்து, இதையும் எடுத்துவிடுங்கள் என்றார். இன்னும் ஒரு மாசம் இருட்டறையில் வைத்தால் ஒன்றுகூட மிஞ்சாது என்று கடைசியில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கிளாரா கூடையைக் கீழே வைக்காமலேயே சொன்னாள், மாயம்மாளிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று. ஆண்டனிராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடியற்காலையில் அந்தம்மா எழுந்திருக்கும் முன் மாடிக்குக் கொண்டுபோகலாம், அவள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து வெளியே வைக்கலாம் என்று என்னென்னமோ சொன்னார். விடியற்காலையில் ஏது வெயில் என்று கிளாரா கேட்டாள்.

“வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போவ? தண்ணிக்கு என்ன பண்ணுவ?” என்றார் அவர்.

“அந்தம்மாவுக்குப் பயந்துதான் இதுகளை இருட்டுல வச்சோம். இருட்டுல வச்சுத்தான் ஒண்ணக் கொன்னோம். மாவு குடுத்தது என் தப்பு. அது தெரியாமச் செஞ்சது. இது தெரிஞ்சே செய்யிறது.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விட்டார்.

மாயம்மாள் முன்வாசலில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளாரா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். எலி என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். மாயம்மாளின் கை நின்றுவிட்டது.

“எத்தன நாளா?”

“ஐப்பசியிலருந்துக்கா.”

மாயம்மாள் கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள் கிளாரா. அவளோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஐப்பசியில்தான் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. மகன் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தது இந்த வருஷம்தான். கார்த்திகை தீபத்தன்று படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை.

“இதுக்கெல்லாம் என்னத்தா சொல்ற?” என்றாள்.

 அதெல்லாம் சும்மா நடந்தது என்று சொன்னால் எடுபடாது என்று கிளாராவுக்குத் தெரியும். “என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. உங்ககிட்ட மறச்சது தப்புதான். காலி பண்ணச் சொன்னாலும் நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். ஆனா வேற வீடு பாக்குற வரைக்கும் இதுகளுக்கு வெயில் வேணும். மாடியத் தவிர எடமில்ல. ஒண்ணு ஏற்கெனவே செத்துப்போச்சு.”

“செத்துச்சா? எங்க? வீட்டுக்குள்ளயா?”

மாயம்மாள் எழுந்துவிட்டாள். ஆமை உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளேயே செத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அது இன்னும் மோசமாகத்தான் இருக்க வேண்டும். முறத்தை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போனாள்.

சாயங்காலம்தான் திரும்பினாள். யாரைக் கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. நேராகப் பின்வாசலுக்கு வந்து நின்றாள். மாடிப்படி வெளியேதான் இருக்கிறது, மாடி வீட்டுக்குள் சேர்த்தி இல்லை, அதனால் அங்கே இருக்கலாம் என்றாள். ஆனால் இனி ஒன்றுகூட நடையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு அதுகளுக்கு எடுக்கக் கூடாது.

“அப்புறம், என் மாடில ஒண்ணும் சாகக் கூடாது.”

“அதை நான் எப்பிடிக்கா சொல்ல முடியும்?”

“அப்பச் சாகாமப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆண்டனிராஜ் மறுநாள் லீவு போட்டார். மாடியில் செங்கல்லை அடுக்கிப் பாத்தி கட்டினார். மணலும் செம்மண்ணும் கொட்டினார். உடைந்த பானைகளைக் கவிழ்த்து நிழலுக்கு வைத்தார். மேலே கோழி வலை. மனைவியோடு பேச்சு வார்த்தை குறைவுதான் என்றாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

தீனி மாற்றுவது கிளாரா நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பால்வாடிக்குப் போகிற வழியில் ரயில் பாதை ஓரம் அருகம்புல், மூக்கிரட்டை, துத்தி இலை எல்லாம் பறித்துவருவாள். சப்பாத்திக்கள்ளி மடலை முள் போக அடுப்பில் வாட்டி, தோல் சீவி, துண்டு போடுவாள். பொடிசாக நறுக்கி, மேலே கடல்நுரையைச் சுரண்டித் தூவி வைத்தால், ஆமைகள் தட்டைச் சுற்றி வந்து நின்று, மாவு இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடும். ஒரு வாரம் ஓடியது. ஒன்றும் வாய் வைக்கவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டாள். பழகின ருசியைக் கேட்கும், பட்டினி கிடந்தால் தானாக வரும், தண்ணீரில் உட்காரவைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். பகலெல்லாம் பிள்ளைகளைக் கெஞ்சிக் கொஞ்சிச் சாப்பிட வைக்கிறவளுக்கு, வீட்டில் பதினோரு உயிரைப் பட்டினி போடுவது நெஞ்சை அறுத்தது.

ஒருநாள் தாங்கவில்லை. கொஞ்சம் மாவை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மாடி ஏறினாள். கண் திறக்காத அழுமூஞ்சியின் வாயருகே வைத்தாள். அது ஆவலாக வாயைத் திறந்தது.

“டாக்டரு வேணாம்னாருன்னுதான சொன்ன?”

பின்னால் மாயம்மாள் ஈரத்துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கிளாரா கையை இழுத்துக்கொண்டாள். மாவை மாடிச் சுவருக்கு அப்பால் தட்டிவிட்டாள். எறும்புகூட அதை மோப்பம் பிடித்து மாடிக்கு வந்துவிடக் கூடாது என்று மாயம்மாள் எரிந்து விழுந்தாள். அதன்பிறகு கிளாரா மாவைத் தொடவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, முந்திரிக்கொட்டை ஒரு செம்பருத்திப் பூவைக் கடித்தது. பூவின் நிறம் இழுத்திருக்கும். அது தின்பதைப் பார்த்து மற்றதெல்லாம் வந்தன. பூவில் ஆரம்பித்து இலைக்குப் போய், இலையிலிருந்து புல்லுக்கு வர இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

மார்கழி தாண்டி வெயில் ஏற ஏற, மாடியில் காக்கைத் தொல்லை வந்தது. வலையில் ஒரு மூலை பிரிந்திருப்பதைக் காக்கைகள்தான் முதலில் கண்டுபிடித்தன. கிளாரா பால்வாடியில் இருந்த நேரம். சத்தம் கேட்டு மாயம்மாள் ஏறிப்போய்க் கம்பால் விரட்டியிருக்கிறாள். சாயங்காலம் கிளாரா வந்ததும், வலையைக் கட்டக்கூடத் தெரியாதா என்று சண்டைக்கு வந்தாள். அன்றிலிருந்து வடகம் காயப்போடுகிற சாக்கில் பகலெல்லாம் மாடிப்படி நிழலில் கம்போடு உட்கார்ந்துகொண்டாள். பாவம் பார்த்து இல்லை. தன் மாடியில் ஒன்று செத்துவிடுமோ என்கிற பயம். ஆமைகளை அவள் ஒருநாளும் தொட்டதில்லை, பெயர் சொன்னதும் இல்லை. அதுக, இதுக என்பதோடு சரி. ஆனால் எது ஒன்று பானைக்கு வெளியே அசையாமல் கிடந்தாலும் கீழே வந்து முதலில் சொல்கிறவள் அவள்தான்.

தண்ணீருக்கும் பெரும்பாடாகத்தான் இருந்தது. பங்குனியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. குழாய்த்தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை. ஆமைகளை உட்காரவைக்கிற தண்ணீரைத் தன் குளியலுக்குப் பிடித்துவைத்த குழாய்த்தண்ணீரிலிருந்து எடுத்தாள் கிளாரா. பாதி வாளியில் குளித்துக்கொண்டாள். ஆண்டனிராஜ் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, மொபெட்டின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு ஆபீஸ் போர் பைப்பில் தண்ணீர் பிடித்துவர ஆரம்பித்தார். அவர்கள் இருவரும் பழையபடி பேசிக்கொண்டது அதற்கப்புறம்தான்.

சித்திரை வெயிலில் ஆமைகள் நனைந்த சாக்குக்கு அடியில் நாளெல்லாம் கிடந்து, காலையும் மாலையும் மட்டும் வெளியே வந்தன. கிளாரா வாரம் ஒருதரம் ஒவ்வொன்றையும் எடுத்து அடியில் விரலால் அழுத்திப் பார்த்தாள். முதலில் விளிம்பு கெட்டியானது, பிறகு நடுப்பகுதி. வைகாசியில் முந்திரிக்கொட்டையின் ஓட்டைத் தட்டியபோது கொட்டாங்கச்சியைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. புடைத்த கட்டங்கள் மட்டும் புடைத்தபடியே நின்றுவிட்டன. அது இனி மாறாது என்றார் டாக்டர். மாவு தின்ற காலத்துத் தடம். அழுமூஞ்சிக்கு ஒரு கண் திறந்தது. இன்னொன்று திறக்கவே இல்லை.

ஆடியில் கோர்ட் உத்தரவு வந்தது. திருடனைக் கண்டுபிடிக்க முடியவில்லை, சொத்தைக் காட்டிலேயே விட்டுவிடலாம். புரட்டாசி மழை இரண்டு பெய்து புல் தளிர்த்த பிறகு விடலாம் என்றார் டாக்டர். கடைசி ஒரு மாசம் தட்டில் வைக்காமல், இலைகளை மண்ணில் அங்கங்கே சிதறிப் போடச் சொன்னார். தானாகத் தேடித் தின்னப் பழக வேண்டுமாம். விடுகிற நாளுக்கு முன் அவரே மாடிக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழுமூஞ்சியும் முதுகு வளைந்துபோன இன்னொன்றும் காட்டில் பிழைக்காது, சென்னைக்கு அனுப்பலாம் என்று தன்னோடு எடுத்துக்கொண்டார். ஒன்பது தேறின.

வடமதுரை தாண்டி மலையடிவாரத்துப் புதர்க்காட்டுக்கு ஜீப் போனது. ரேஞ்சர், ஆண்டனிராஜ், டாக்டர், கிளாரா. மழை பெய்து ஓய்ந்த காலை. ஊமத்தை, ஆவாரை, கள்ளி, கணுக்கால் உயரப் புல். கிளாரா கூடையைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தாள். அவை கழுத்தை நீட்டின. எந்தப் பக்கம் என்று பார்ப்பது போல நின்றன. பிறகு முந்திரிக்கொட்டை திரும்பி, கிளாராவின் காலை நோக்கி நடந்து வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. காலையில் இந்த நேரத்துக்குத்தான் அவள் இலை கொண்டுவருவாள்.

அவள் ஓரடி பின்னால் போனாள். அவையும் வந்தன.

“டீச்சர், நீங்க வண்டில ஏறி உக்காருங்க. நீங்க நின்னா அதுக போகாது” என்றார் டாக்டர்.

கிளாரா ஜீப்பில் ஏறி, காட்டைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்தாள். மடியில் காலிக்கூடை. பின்னால் ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து ஆண்டனிராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் புதருக்கு அடியில் போய்விட்டன, ஒன்று போகிற வழியில் நின்று புல்லைக் கடித்தது என்றார். உண்மையாகவா என்று கேட்டாள். என் கண்ணால் பார்த்தேன் என்றார். 

வீட்டில் மாயம்மாள் மாடியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து, படிக்கட்டில் பூசணிக்காய் உடைத்திருந்தாள். செங்கல்லையெல்லாம் ஓரமாக அடுக்கிவைத்திருந்தாள். அந்த ஐப்பசியில் அவள் மகன் தீபாவளிக்கு வந்தான். ஆமை போனதால்தான் வந்தான் என்று அவள் சொன்னாள். கிளாரா மறுக்கவில்லை.

அடுத்த தை மாசம், ஒருநாள் சாயங்காலம், ஆண்டனிராஜ் வேலை முடிந்து வந்தவர் பின்வாசலிலேயே நின்றார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கீச்சுக்கீச்சென்று சத்தம். சந்தையில் விற்கக் கொண்டுவந்த கிளிக்குஞ்சுகள், இன்னும் இறகுகூட முளைக்கவில்லை. ரேஞ்சர் சொல்லும்போது மறுக்க முடியவில்லை என்றார். கிளாரா மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கழுத்தை ஆட்டின. என்ன தின்னும் என்று டாக்டரைக் கேட்டீர்களா என்றாள். கேட்டுவிட்டேன், சொல்லியிருக்கிறார் என்றார். உள்ளே வரக் கால் எடுத்தார்.

கிளாரா வழியை விட்டு விலகவில்லை.

“மொதல்ல முன்வாசலுக்குப் போயி அந்தக்காகிட்டக் கேட்டுட்டு வாங்க. நான் கேக்க மாட்டேன். நீங்களே கேளுங்க.”

 அவர் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனார்.